நாலு வரிக் காகிதம்: திருச்சியில் ஒரு நாய்க்குட்டித் தகராறு

க்ளினிக்கின் லெட்டர்பேடில் நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதிய நாலு வரி. "லேப்ரடார் பெண் குட்டி, பெயர் ஜூலி. மேற்கொண்டு சிகிச்சை செய்ய எனக்கு வசதி இல்லாத காரணத்தால் மருத்துவமனையிடம் ஒப்படைக்கிறேன். இனி இந்தக் குட்டி மீது எனக்கு எந்த உரிமையும் கிடையாது. முழு மனதுடன் எழுதிக் கொடுத்தது." கீழே கையெழுத்து, செல் நம்பர், தேதி 18.11.2024. நேரம் போடவில்லை. ராத்திரி பதினொன்றே கால் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர், வாங்கிய டாக்டர் இரண்டு பேருமே சொன்னார்கள். இந்தத் தகராறில் இரு தரப்பும் ஒத்துப்போன விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிதான் பார்த்தேன். மாட்டு டாக்டருக்கு நாய்க்குட்டிப் பஞ்சாயத்தில் என்ன வேலை என்றால், அந்த க்ளினிக் டாக்டர் படிக்கிற காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண். குட்டியின் சொந்தக்காரர் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி எனக்கு எதிர்வீடு. இரண்டு பக்கமும் "சார் சொன்னா கேட்டுக்கிறோம்" என்றார்கள். கேஸ் ஷீட், பில், காகிதம், போன் பதிவு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார்கள். மனிதர்கள் யாருடைய பெயரும் இங்கே வராது. குட்டியின் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று இருவரும் சம்மதித்தார்கள்.

சனிக்கிழமை முதல் திங்கட்கிழமை வரை

சொந்தக்காரர் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். ஒரே பெண், ஆறாம் வகுப்பு. குட்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வாந்தி, அன்று மாலையே ரத்தக் கழிச்சல். மருந்துக் கடையில் கேட்டு, மனிதர்களுக்குத் தரும் வயிற்றுப்போக்கு சிரப் ஒன்றை வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் வாந்தியோடு வெளியே வந்துவிட்டது. நவம்பர் 16, சனிக்கிழமை சாயங்காலம் க்ளினிக்குக்கு வந்தார்கள்.

கேஸ் ஷீட்டில் உள்ளபடி: வயது 75 நாள், எடை 5.8 கிலோ, வெப்பம் 103.6 டிகிரி, நீரிழப்பு 8 சதவீதம், பார்வோ கிட்டில் இரண்டு கோடு, அதாவது பார்வோ வைரஸ் இருக்கிறது.

பார்வோ என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குடலின் உள்பக்கத்தில் நாளும் புதிதாகப் பிறக்கும் செல்களை அந்த வைரஸ் அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். குடல் சுவர் ஓட்டையாகி, உள்ளே இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் போகும். தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும். வைரஸைக் கொல்லும் மருந்து என்று எதையும் நாம் ஏற்றுவதில்லை. குட்டியின் உடம்பே வைரஸை வெல்லும்வரை திரவம், சர்க்கரை, வாந்தி நிறுத்தும் மருந்து, ஆன்டிபயாடிக் என்று உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் சிகிச்சை. விட்டுவிட்டால் பத்துக்கு ஒன்பது போய்விடும். நன்றாகப் பார்த்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைக்கும். முதல் மூன்று நான்கு நாளைத் தாண்டிய குட்டி பெரும்பாலும் தப்பித்துவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு ஊசி போட்டாச்சுன்னு சொல்லித்தானே குட்டியைக் குடுத்தாங்க?" என்று சொந்தக்காரர் என்னிடம் பல தடவை கேட்டார். போட்டிருந்தார்கள், தடுப்பூசிப் புத்தகத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது. ஆனால் தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்வரை ஊசி சரியாக ஏறாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறோம். ஒரே ஒரு ஊசியை நம்பி இருந்தது பெரிய தவறென்று சொல்ல மாட்டேன். குட்டி விற்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்.

டாக்டர் சொன்ன கணக்கு: ஐந்து நாள் அட்மிஷன், நாளுக்கு மூவாயிரம், மொத்தம் பதினைந்தாயிரம், முன்பணம் ஐயாயிரம். தீபாவளி போனஸ் தீர்ந்திருந்த நேரம். சனிக்கிழமை 2,000 கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஜிபேயில் 1,500. திங்கட்கிழமை ஒன்றும் கட்டவில்லை. அன்று ராத்திரி பில் 8,900 ஆகியிருந்தது, பாக்கி 5,400.

திங்கள் ராத்திரி பத்தரைக்கு க்ளினிக்கிலிருந்து போன் வந்தது. குட்டி துவண்டு படுத்துவிட்டது, ரத்தச் சர்க்கரை 42க்குச் சரிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். அவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அங்கே நடந்த பேச்சை டாக்டர், அவர், ரிசப்ஷனில் இருந்த பெண் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொன்னார்கள்.

"மேடம், எனக்கு இதுக்கு மேல முடியாது. செத்தா வீட்லயே சாகட்டும், குடுத்துருங்க."

"இப்ப ட்ரிப்ஸ எடுத்தா விடியறதுக்குள்ள போயிரும் சார்."

"நான் என்ன பண்றது மேடம்?"

"அப்ப எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நாங்க பாத்துக்கிறோம்."

ரிசப்ஷன் பெண் பழைய காகிதம் ஒன்றைப் பார்த்து வாசகத்தைச் சொன்னார், இவர் எழுதினார். பாக்கி கேட்கப்படாது என்று டாக்டர் வாயால் சொன்னார், அது காகிதத்தில் ஏறவில்லை. பிரதி கொடுக்கவில்லை. கழுத்துப் பட்டையைக்கூட அவர் கேட்கவில்லை.

"நாங்க பாத்துக்கிறோம்." இந்த இரண்டு வார்த்தையைப் பற்றியே நான் ஒரு வாரம் யோசித்தேன். டாக்டருக்கு அதன் அர்த்தம்: இனி செலவு, பொறுப்பு, குட்டி எல்லாம் எங்களுடையது. அவருக்கு அதன் அர்த்தம்: இவர்கள் நல்லபடியாகப் பார்ப்பார்கள், பிழைத்தால் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் மகளிடம் அப்படித்தான் சொன்னார். "டாக்டரம்மா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்கடா, நீ தூங்கு." எழுதிக் கொடுத்ததை மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

புதன்கிழமை ஒரு தடவை போன் செய்திருக்கிறார். "இன்னும் ட்ரிப்ஸ்லதான் இருக்கு" என்று பதில். அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. வியாழன் காலை குட்டி கோழி வேகவைத்த தண்ணீரை நக்கிக் குடித்தது. ஞாயிறன்று கூண்டுக்குள் குதித்தது. க்ளினிக்கிலிருந்து இவருக்குப் போன ஒரே அழைப்பு அந்த ஞாயிறு மதியம், எடுக்கப்படாத அழைப்பு. இரண்டாவது தடவை யாரும் முயற்சி செய்யவில்லை. 28ஆம் தேதி குட்டி வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. க்ளினிக்குக்கு வழக்கமாக வரும் குடும்பம், அவர்களுடைய பழைய நாய் அக்டோபரில் வயதாகி இறந்திருந்தது.

நவம்பர் 30 அன்று க்ளினிக் ஒரு படம் போட்டது. புது வீட்டுச் சோபாவில் ஜூலி, மேலே "பார்வோவை ஜெயித்த எங்க செல்லம்". க்ளினிக்கோடு நம்பர் பரிமாறிச் சேமித்து வைத்திருந்த எல்லோருக்கும் அது ஸ்டேட்டஸில் தெரிந்தது. அம்மாவின் போனில் மகள் பார்த்தாள். நெஞ்சில் காசு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, அதை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. குட்டியை வாங்கிக் கொடுத்தது தாய்மாமன். மகளின் பிறந்தநாளுக்கு, ஒன்பதாயிரம் கொடுத்து. லால்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறார், கையில் காசு புழங்கும் ஆள். அவர் மறுநாள் காலையிலேயே மூன்று நண்பர்களோடு க்ளினிக்கில் இருந்தார். "நான் வாங்கிக் குடுத்த நாய்க்கு இவர் யாரு எழுதிக் குடுக்க, நீங்க யாரு வாங்க?" என்பது அவருடைய கேள்வி. அதை அவர் வீடியோவாகவும் எடுத்தார். கூகுளில் ஒற்றை நட்சத்திரம் பதினேழு விழுந்தது. அதில் பாதிப் பேர் திருச்சிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். "நாய் திருடி விற்கும் டாக்டர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். க்ளினிக்கில் வேலை பார்த்த ஒரு பெண் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. தாய்மாமன் தரப்பில் ஸ்டேஷனில் புகார் கொடுக்க, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டார்கள். எஸ்.ஐ. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "இது சிவில் மேட்டர், பேசி முடிங்க" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டுத் திண்ணையில்

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் கணவரோடு வந்தார். இந்தப் பக்கம் அப்பா, அம்மா, தாய்மாமன். மகளைக் கூட்டி வரவில்லை, நல்லதாகப் போயிற்று. ரிட்டயர்டு ஆன வக்கீல் நண்பர் ஒருவரையும் உட்கார வைத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் தாய்மாமன்தான் பேசினார். டாக்டர் பதில் பேசாமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பத்து நாள் ஒரு போன் இல்ல சார். நாய் மேல அக்கறை இருக்கிறவங்க அப்படி இருப்பாங்களா?"

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "போன் போட்டா பாக்கியக் கேப்பீங்கன்னு பயந்துட்டேன் மேடம்."

"பாக்கி வேண்டாம்னுதான் அன்னிக்கே சொன்னேனே?"

"சொன்னீங்க. காகிதத்துல இல்லையே."

டாக்டர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்போது தாய்மாமன் தன் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார். "ஏன் மாமா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பதினஞ்சாயிரத்த அப்பவே போட்டிருப்பேன்ல?"

"உன்கிட்ட எத்தன தடவ கை நீட்டுறது மாப்ள" என்றார் அவர். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். என் மனைவி தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அதற்கப்புறம் பேச்சின் சூடு இறங்கியது. பதினேழு ஒற்றை நட்சத்திரமும் வீடியோவும் டாக்டர் மீது எறிந்த கல்தான், சந்தேகமில்லை. ஆனால் எறிந்தவருக்குக் கோபம் யார் மீது என்பது அன்று திண்ணையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

கேஸ் ஷீட்டைப் படித்தபோது

சிகிச்சையில் நான் தவறு எதுவும் பார்க்கவில்லை. திரவக் கணக்கு சரி: நீரிழப்புக்கு 464 மில்லி, அன்றாடத் தேவைக்கு 350 மில்லி என்று பிரித்து எழுதி, ரிங்கர் லாக்டேட் ஏற்றியிருக்கிறார். மருந்துகளும் சரி. ஞாயிறு ராத்திரி ரத்தச் சர்க்கரை பார்த்ததாகப் பதிவு இல்லை. பால்குடி மறந்து ஒரு மாதம் ஆன, மூன்று நாள் பட்டினிக் குட்டிக்கு அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் திங்கள் ராத்திரி அந்தச் சரிவைக் கொஞ்சம் முன்பே பிடித்திருக்கலாம். அதை டாக்டரிடமே சொன்னேன், ஒப்புக்கொண்டார். ஆனால் திங்கள் ராத்திரி அவர்தான் விடிய விடிய உட்கார்ந்து குட்டியை மீட்டவர், அதுவும் பத்துப் பைசா வராது என்று தெரிந்த பிறகு. அதற்கப்புறம் குட்டிக்கு ஆன செலவு முழுக்க அவர் கையிலிருந்து போனது. வராத பாக்கிகளை எழுதிய ஒரு நோட்டைக் காட்டினார். ஒரு மாதக் கடை வாடகையைவிட அதிகம் இருந்தது. கால்நடை டாக்டரைப் பற்றிக் "காசுக்காகத்தான்" என்று பேசுகிறவர்கள் அந்த நோட்டை ஒரு தடவை புரட்ட வேண்டும்.

ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் "ப்ராக்னோசிஸ்: கார்டட்" என்று எழுதியிருந்தது. பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதற்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதாக டாக்டர் சொன்னார். நான் அவரிடம் "கார்டட்னா என்னன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். "பத்திரமா பாத்துக்குவாங்கன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அவர் பட்டறையில் கார்டு என்றால் கிரைண்டருக்கு மேல் போடும் பாதுகாப்பு மூடி.

என் கணக்கில் இந்தத் தகராறு திங்கள் ராத்திரி காகிதத்தில் பிறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தொகையைச் சொன்னபோதே பிறந்துவிட்டது. ஐந்து நாள் அட்மிஷன் என்பதுதான் சிறந்த சிகிச்சை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதான் சிகிச்சையா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2017இல் வெளியிட்டார்கள். பார்வோ வந்த 40 நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி நிலைப்படுத்தினார்கள். அப்புறம் ஒரு பாதிக்கு முழு அட்மிஷன் சிகிச்சை. மறு பாதிக்கு, வீட்டிலிருந்து வந்து போகும் நாய்க்குச் செய்யக்கூடியது மட்டும்: தோலுக்கடியில் திரவம், வாந்தி நிறுத்த நாளுக்கு ஒரு ஊசி, ஒரு தடவை போட்டால் பல நாள் நிற்கும் ஆன்டிபயாடிக். முதல் பாதியில் 90 சதவீதம் பிழைத்தன, இரண்டாவது பாதியில் 80 சதவீதம்.

அந்தப் பத்து சதவீத வித்தியாசம் சின்னதில்லை. அந்தக் கவனிப்பும் லேசானதில்லை. நாள் முழுக்கப் பார்க்க ஆள் வேண்டும், சர்க்கரையும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குட்டி துவண்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். ஆனால் ஒரு நாள் அட்மிஷன், மீதி நாள் காலையும் மாலையும் வந்து ஊசி என்று பிரித்திருந்தால், பணம் பாதிக்கும் கீழே வந்திருக்கும். சொந்தக்காரரின் மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "குறைஞ்ச ட்ரீட்மென்ட் குடுத்து நாய் செத்தா அதுக்கும் எம்மேலதான் சார் கேஸ் வரும்" என்றார். அதுவும் உண்மைதான். இன்றைக்குச் சின்ன க்ளினிக் வைத்திருக்கும் பாதிப் பேர் அந்தப் பயத்தில்தான் பெரிய எஸ்டிமேட்டை மட்டும் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து, இரண்டு வழியையும் எழுதி, கூடுதல் குறைச்சலைச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொள்வது. மறைப்பது இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

வக்கீல் நண்பர் நிதானமாகப் பேசுகிறவர். அவர் சொன்னதைச் சுருக்குகிறேன்.

நாய்க்குட்டி சட்டத்தின் கண்ணில் அசையும் பொருள். சிகிச்சைக்கு விட்டபோது அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் வரும் ஒப்படைப்பு, அதாவது வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய பொருள். அந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு அந்தப் பிரிவே சொல்லும் உதாரணம், பட்டை தீட்ட வைரம் வாங்கிய நகைத் தொழிலாளி; கோட்டுத் தைக்கத் துணி வாங்கி, கூலிக்கு மூன்று மாதத் தவணை கொடுத்த தையல்காரர் மட்டும் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது என்றும் அது சொல்கிறது. இதைக் கேட்டதும் உள்ளேயிருந்து வந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆனால் வைத்துக்கொள்ளலாம் என்றால் வைத்துக்கொள்ளத்தான் முடியும். பாக்கிக்காக அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்க அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

ஆகவே டாக்டருக்கு இருக்கும் ஒரே பிடி அந்த நாலு வரிக் காகிதம். அதை ஒரு தானமாகப் பார்க்கலாம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி அசையும் பொருளைத் தானம் கொடுக்கப் பத்திரப் பதிவு தேவையில்லை, கையில் கொடுத்து அவர் வாங்கிக்கொண்டால் போதும். கொடுத்தவர் பின்னால் மனம் மாறினார் என்பதற்காக மட்டும் அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மனவேதனையால் புத்தி நிதானம் தற்காலிகமாகக் குலைந்திருக்கும் ஒருவரிடம், மேல் கையில் இருப்பவர் எழுதி வாங்கினால், அது கேள்விக்குரியது. ராத்திரி பதினொன்றே காலுக்கு, சாகக் கிடக்கும் குட்டியின் முன்னால், வாசகத்தை அடுத்தவர் சொல்ல எழுதிய காகிதம் எந்தப் பக்கம் சாயும்? "ரெண்டு பக்கமும் வாதாடலாம், நாலு வருஷம் இழுக்கும்" என்றார் நண்பர்.

நாயை அநாதையாக விட்டதாக அப்பா மீது வழக்குப் போடலாமா என்று டாக்டரின் கணவர் கேட்டார். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியிலோ தாகத்திலோ வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. டாக்டர் கையில் கொடுத்துவிட்டுப் போவது அதில் வராது. வந்தாலும் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாக அந்தத் தொகை அப்படியே இருக்கிறது. டீ செலவுக்கு ஆகாது.

மறுபக்கம், 3,500 ரூபாய் கட்டியிருப்பதால் அப்பா ஒரு நுகர்வோர். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொழில் நடத்தை பற்றியென்றால் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? குட்டியின் விலை, கட்டிய பணம், மன உளைச்சலுக்கு ஏதோ கொஞ்சம். குட்டி கிடைத்திருக்காது.

நியூயார்க்கில் இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் விட்ட விலங்கைக் குறித்த நாளில் எடுக்காவிட்டால், பதிவுத் தபால் அனுப்பி, பத்து நாள் பொறுத்த பிறகுதான் அது கைவிடப்பட்டதாகும். கலிஃபோர்னியாவில் பதினான்கு நாள். நம்முடைய 1960 சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு க்ளினிக்கும் தனக்குத் தோன்றியதை எழுதி வாங்கிக்கொள்கிறது.

கணக்கு இருந்துவிட்டால் சண்டை வராது என்றும் இல்லை. அதே நியூயார்க்கில், பிராங்க்ஸ் பகுதியில் 2013இல் நடந்தது. பூங்காவில் கிடந்த நோயாளிப் பூனையை ஒருவர் ஒரு பெண் டாக்டரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். பூனை தேறியது. அதே பூங்காவில் பூனைகளுக்குச் சோறு வைத்துவந்த ஒரு பெண், அது தன் பூனை என்று வந்தார். திரும்பப் பூங்காவில் விடுவது கொடுமை என்று டாக்டர் கொடுக்க மறுத்தார். வழக்கு, க்ளினிக் வாசலில் கோஷம், இணையத்தில் வசை. 2014 பிப்ரவரியில் அந்த டாக்டர் உயிரோடு இல்லை, தானே முடித்துக்கொண்டார். எழுதிக் கொடுத்தவர் சொந்தக்காரர்தானா என்பதே அங்கே கேள்வி. நம் தாய்மாமன் கேட்டதும் அதைத்தான், அவருக்கே தெரியாமல். நல்லவேளையாக இங்கே பதில் சுலபம். மருமகளுக்குக் கொடுத்த அன்றே குட்டி அவருடையது இல்லை, மைனர் பெண்ணின் சார்பில் அப்பா பேசலாம். இதை நண்பர் சொன்னபோது தாய்மாமன் முகம் போன போக்கை எழுத வேண்டாம். ஆனால் அந்த பிராங்க்ஸ் கதையைச் சொன்ன பிறகுதான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து வீடியோவை அழித்தார்.

எப்படி முடிந்தது

புது வீட்டுக்காரர்கள் குட்டியைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறையாக வாங்கினோம் என்று நம்பித்தான் வளர்க்கிறார்கள். பெண் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்றார்கள். அவள் போகவில்லை.

டாக்டர் 3,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சட்டம் கேட்டதால் இல்லை, அவருக்கே தோன்றியது. அப்பா முதலில் வேண்டாம் என்றார், அம்மா வாங்கிக்கொண்டார். பாக்கி 5,400 இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தத் தடவை பிரதியும் கொடுத்தார். அந்த ஸ்டேட்டஸ் படத்துக்காக மன்னிப்புக் கேட்டார். புகார் வாபஸ் ஆனது. பதினேழு நட்சத்திரத்தில் பதினொன்று போனது, ஆறு இன்னும் இருக்கிறது. அதைப் போட்டவர்கள் யார் என்று தாய்மாமனுக்கே தெரியவில்லை.

ஜனவரியில் டாக்டரும் நானும் உட்கார்ந்து ஒரு புதுப் படிவம் தயாரித்தோம். ஒரே பக்கம், முழுக்கத் தமிழ். முதல் நாளே நிரப்புவது: என்ன நோய், பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, முழுச் சிகிச்சைக்கு எவ்வளவு, குறைந்த வழிக்கு எவ்வளவு, அதில் என்ன ஆபத்து. "வீட்டில் வேறு யாரிடமாவது பேச வேண்டுமா? அவர் நம்பர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது என் பிடிவாதம். ஒப்படைப்பது என்றால் தனித்தாள். எழுதிக் கொடுத்த பிறகு 72 மணி நேரம் குட்டி யாருக்கும் போகாது, அதற்குள் மனம் மாறினால் அதுவரை ஆன செலவைத் தவணையில் கட்டித் திரும்ப வாங்கலாம். 72 மணிக்குப் பிறகு கிடையாது. பிழைத்தாலும் இறந்தாலும் ஒரு தடவை தகவல் சொல்லப்படும். பிரதி கட்டாயம். 72 என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒருவர் மச்சினனுக்குப் போன் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்து நாங்கள் வைத்தது.

மார்ச்சில் ஒரு பெரியம்மா ஒன்பது வயதுப் பொமரேனியனை அந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சிறுநீரகம் இரண்டும் போன நிலை. நாற்பதாவது மணி நேரத்தில் பேரனோடு ஆட்டோவில் வந்து, பிரதியைக் காட்டி, நாயை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு தவணையில் கட்டுவதாகச் சொன்னார். நாய் மூன்றாம் நாள் வீட்டில் இறந்துபோனது. முதல் தவணை சொன்ன தேதியில் வந்தது என்று டாக்டர் போனில் சொன்னார்.